இடுப்பளவில் ஒரு மினுக்கம்

கல்முனைப் பெரிய ரோட்டில் பெயின்ட் வாங்கப் போன பெண்களில் முனவ்வறாவிடம் ஏச்சு வாங்காமல் வீடு திரும்பியவர்கள் மிகக் குறைவு. "போன்ல பார்த்த கலர நம்பி வந்தா நான் என்ன செய்யட்டும்? உங்கட குசினி யன்னல் எந்தப் பக்கம்? அத முதல்ல சொல்லுங்க" என்றுதான் தொடங்குவாள். யன்னல் கிழக்கே என்றால் ஒரு கதை, மேற்கே என்றால் வேறு கதை. கடலைப் பார்த்த வீட்டுக்கு வெள்ளை பூசினால் காலையில் கண் கூசும். அதே வெள்ளையை சம்மாந்துறைப் பக்கம் வயலைப் பார்த்த வீட்டுக்குப் பூசினால் பச்சை பாய்ந்து நிற்கும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக ஒரு ஹாட்வெயார் கடையில் நிறம் கலக்கும் மெஷினுக்கு முன்னால் நின்று, பெயின்ட் வாங்கினவர்களின் வீடு வரைக்கும் போய்ப் பார்த்து, தானாகப் பிடித்துக்கொண்ட வித்தை. ஊரில் அவளுக்குப் பெயரே 'கலர் முனவ்வறா'தான்.

புருஷன் கச்சிமுகம்மது பெயின்ட் பாஸ். அவள் நிறம் சொல்லுவாள், அவர் பூசுவார். அவருக்குச் சொந்த அபிப்பிராயம் எதுவும் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

நிறம் பாதி, மினுக்கம் மீதி என்பது முனவ்வறாவின் கட்சி. குசினிக்கு எனாமல் வேண்டும். எண்ணெய் தெறித்தாலும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போயிற்று. ஹோலுக்கு இளம் மினுக்கம் போதும், கடையில் அதற்குச் சில்க் என்று பெயர். மினுக்கமே இல்லாத பூச்சும் ஒன்று இருக்கிறது, மட் என்பார்கள். வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு பேசாமல் நிற்கும். பார்க்கப் பார்க்க ஆசை வரும். தொட்டால் தொலைந்தது. ஒரே இடத்தில் நாலைந்து தரம் கை உரசினால் அந்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கிவிடும். துடைத்தால் இன்னும் மினுங்கும். "மட் பூசின செவர் எல்லாத்தையும் மனசில வெச்சிக்கிரும் புள்ள. வீட்டில எத்தின பேர் செவரில சாயிற எண்டு எண்ணிப் பார்த்திட்டு வாங்க" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் தன் மகள் நிப்லாவிடம் தோற்றுப்போனாள்.

பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச இந்தக் கரையில் யாரால் முடிந்திருக்கிறது? சாய்ந்தமருதில், கடலிலிருந்து மூன்றாம் தெருவில் அவர்களுக்கு ஒரு நீட்டு வளவு. பின்பக்கத்தில் இரண்டு அறைப் பழைய வீடு. அதில்தான் மூவரும் இருந்தார்கள். முன்பக்கத்தில் நிப்லாவுக்கென்று புது வீடு எழும்பியது. நிக்காஹ் முடிந்த அன்றே அது அவளுடையது. மாப்பிள்ளை அஸ்கி சம்மாந்துறையிலிருந்து வந்து அங்கே குடியிருப்பான், தாயும் தகப்பனும் பின்வீட்டில் கிடப்பார்கள். கூரை, தரை, குசினிக்குப் பென்றி அலுமாரி எல்லாம் முடிந்து பெயின்ட் மட்டும் பாக்கி. கரண்ட் இன்னும் இழுக்கவில்லை.

"எனக்கு மட்தான் வேணும், உம்மா. ஹோலும் நடைவழியும் ஒரே கலர். மழைக்கு முந்தி கடல் கறுக்குமே, அந்தக் கலர்."

நடைவழி என்றது ஹோலையும் குசினியையும் சேர்க்கிற எட்டுக் காலடி நீளமான வழியை. அதற்கு யன்னல் கிடையாது.

"வெளிச்சமில்லாத இடத்துக்குக் கறுப்பா? மூளை கழண்டிட்டா ஒனக்கு? கை பட்டா அப்பிடியே தெரியும் மனே."

"ஆரு கை வெக்கப் போற? நானும் அவரும் மட்டும்தானே."

அந்த 'அவரும்' என்ற சொல்லைச் சொல்லும்போது நிப்லாவின் முகம் போன போக்கைப் பார்த்து முனவ்வறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எங்கே மறுக்கிறது? மெஷினில் தன் கையாலேயே கலந்து கொடுத்தாள். கச்சிமுகம்மது பூசினார். கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது.

பூசின வீட்டுக்குள் முனவ்வறா ஒரு சட்டம் போட்டாள்: ஒருவரும் சுவரைத் தொடக்கூடாது. அவள் மட்டும் நாளுக்கு மூன்று தரம் போய்ப் பார்த்தாள். காலை வெளிச்சத்தில் ஒருக்கா, மத்தியானம் லுஹருக்குப் பிறகு ஒருக்கா, பின்னேரம் அஸருக்குப் பிறகு ஒருக்கா. எந்த நிறத்தையும் மூன்று வெளிச்சத்தில் பார்க்காமல் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லக்கூடாது, அது அவள் வழக்கம். கதவுத் திறப்பு பின்வீட்டு வாசல் ஆணியில் தொங்கும்.

ஐந்தாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு முன்வீட்டைத் திறந்தாள். வாசலால் விழுந்த வெயில் நடைவழிக்குள் சாய்வாகப் போயிருந்தது. அந்தச் சாய்வில், இடது சுவரில், இடுப்பளவு உயரத்தில் ஒரு மினுக்கம் தெரிந்தது. மூன்று விரல் அகலம். ஹோல் வாசலில் தொடங்கி, நெளியாமல் நேராக ஓடி, குசினிக் கதவு நிலையில் போய் முடிந்தது. நிலைக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கையளவு அகன்றிருந்தது. யாரோ அவ்விடத்தில் கையூன்றி நின்றுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

முனவ்வறா போட்ட சத்தத்தில் கச்சிமுகம்மது சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார்.

"ஏணிய உரசிக்கிட்டுத்தானே போன நீங்க? கண் எங்க வெச்சிருந்த?"

"ஏணி பட்டா கீறும். இது கீறலில்ல." குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். முப்பது வருஷம் சுவரோடு பழகின மனிசன். ஒருநாள் தவறிப்போய்ப் பட்ட கை இல்லை இது என்று அவருக்கு விளங்கியது. போய் வந்து, போய் வந்து, பழகின கை. "இந்த வீட்டில இன்னும் ஒருத்தரும் குடியிருக்கவே இல்லையே முனவ்வறா" என்றார். சொன்ன பிறகு சோற்றுக் கையைக் கழுவக்கூட மறந்து நின்றார்.

அன்றைக்கே சுவர் முழுக்க மறுபடி பூசினார். நாலு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் அது திரும்பவும் வந்தது. அதே உயரம், அதே அகலம், குசினி நிலைக்கு முன்னால் அதே உள்ளங்கை. கச்சிமுகம்மது பிறகு தனியாக அந்த வீட்டுக்குள் போகவில்லை. கேட்டால் முதுகு நோகுது என்றார்.

முனவ்வறா போனாள். மகளுக்குக் கொடுக்கிற வீடு, போகாமல் என்ன செய்கிறது? ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டுதான் கதவைத் திறப்பாள். ஒருநாள் ஹோலின் நடுவில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கையில், யன்னலால் ஒரு பூனை குதித்துத் தரைக்குக் குறுக்கே நடந்தது. நடந்த பூனை பாதியில் இல்லாமல் போயிற்று. ஓடவில்லை, பதுங்கவில்லை. இருந்தது, பிறகு இல்லை. கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கத்தில், அது எப்போதும் அங்கேயே இருந்ததுபோல், கதவடியில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு நாள் வெறும் வீடென்று நினைத்துத் திரும்பினாள். கைக்கெட்டின தூரத்தில் நிப்லா நின்றாள். முனவ்வறா 'யா அல்லாஹ்' என்று வீறிட்டுவிட்டாள்.

"நீ எப்ப வந்த?"

"வந்து எவ்வளவு நேரம் உம்மா. பக்கத்திலதானே நிக்கிறன். கையக் கூட ஆட்டினன், நீங்க திரும்பவே இல்ல." நிப்லாவின் கண் நிறைந்துவிட்டது. "இந்த வீட்டுக்குள்ள வந்தா நீங்க வேற ஆளா இரிக்கிறீங்க. எனக்குப் பயமா இரிக்கி."

கடையிலும் அப்படித்தான் ஆயிற்று. வாடிக்கையாளர்கள் நடந்து வருவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் திடீரென்று முளைத்தார்கள். மேசையில் வைத்த தேயிலைக் கோப்பை காணாமல் போய், தேடிக் களைத்தபின் முழங்கையடியில் வந்து நின்றது. முன்வீட்டில் இருப்பது தன்னோடு ஒட்டிக்கொண்டு கல்முனை வரைக்கும் வந்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். யாரிடம் சொல்ல?

சொல்லத் தேவையே இருக்கவில்லை. பக்கத்து வளவு பஸ்மினா 'கலர் பார்க்க' என்று வந்து, நடைவழியில் ஒரு நிமிஷம் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "நான் ஆருக்கும் வாயத் திறக்கமாட்டன் ராத்தா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அஸர் பாங்குக்கு முன்னம் தெரு முழுக்கத் தெரியும். வியாழக்கிழமை காலை சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் அஸீஸா போனில் கோல் எடுத்தார்.

"மச்சி, ஞாயித்துக்கிழம வீட்ட ஒருக்காப் பார்க்க வாறம். என்னென்னமோ கதைக்கிறாங்க. நான் நம்பல்ல. ஆனா பார்க்காம நிக்காஹ்வ நடத்த ஏலாதே."

போனை வைத்த முனவ்வறா கணக்குப் போட்டாள். வீட்டில் 'ஒன்று' இருக்கிறதென்று பேர் வந்தால் இந்தக் கலியாணம் மட்டுமா போகும்? அந்த வீட்டோடு பேச வரும் எல்லாக் கலியாணமும் போகும். கட்டின வீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று கட்ட இந்தப் பிறப்பில் ஏலாது.

"மௌலவியக் கூட்டி ஓதிப் பாப்பமா?" என்றார் கச்சிமுகம்மது.

"ஓதலாம். முதல்ல எனக்கு ஒண்டு தெரியணும்" என்றாள். அவளுக்குள்ளே வேறொரு எண்ணம் ஓடியது, ஜின்னைவிட அதுதான் அவளை அரித்தது. சுவரைத் தடவுவது மனுஷக் கையாக இருந்தால்? பொறாமைக்குப் பஸ்மினா செய்கிறாளா? இல்லாவிட்டால் நிப்லாவே செய்கிறாளா? கலியாணம் பிடிக்காத பிள்ளை வாயால் சொல்லமாட்டாமல் சுவரால் சொல்கிறாளா?

கச்சிமுகம்மதுவின் சாமான் பையில், மேசன்மார் நேர்கோடு போட நூலில் தடவுகிற நீலப்பொடி இருந்தது. முனவ்வறா அதைத் துணியில் முடிந்து, அந்த மினுக்கத்தின் மேல் நீளத்துக்கும் மெதுவாக ஒற்றினாள். கறுத்த சுவரில் பொடி கண்ணுக்குத் தெரியவில்லை. துணியைக் குப்பையில் போட்டு, கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். லுஹர் தொழுதாள். வழமைபோல முன்வீட்டுக்குப் போய், ஹோலையும் குசினியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு கை பார்க்கத் தொடங்கினாள்.

கச்சிமுகம்மதுவின் கையில் சுவர் ஓட்டை அடைக்கிற வெள்ளைப் புட்டிதான் காய்ந்திருந்தது. நிப்லா தகப்பனுக்குச் சோறு போடும்போது அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேற்றுப் போட்டுப் பார்த்த மருதோன்றிதான் இருந்தது. வட்டிலப்பம் கொடுக்கிற சாட்டில் வேலிக்கு அங்கால் போய்ப் பஸ்மினாவின் கையையும் பார்த்தாள். மஞ்சள்தூள். நீலம் ஒருவர் கையிலும் இல்லை. மகள் செய்யவில்லை என்ற நிம்மதி ஒரு நொடிதான் நின்றது. அப்படியென்றால் மனுஷக் கை இல்லை.

அஸருக்கு வுழூச் செய்யக் குழாயடியில் குந்தினாள். வெள்ளைப் பேசினுக்கு மேல் வலது கையில் தண்ணீர் விழுந்தது. விழுந்த தண்ணீர் நீலமாக ஓடியது.

என்ன இது என்று விளங்காமல் இடது கையைப் பிடித்தாள். அதிலும் நீலம். விரல் நுனிகளில், நகக்கண்ணைச் சுற்றி. பதினெட்டு வருஷமாகப் பெயின்ட் அளைந்த விரல்கள், எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கிற விரல்கள். மற்றவர் கையையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் கையைப் பார்க்கத் தோன்றவே இல்லை. போகும்போது இடது கை, வரும்போது வலது கை. முனவ்வறா குழாயை மூடவில்லை. நீலம் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

தொழுதுவிட்டு முன்வீட்டுக்குப் போனாள். இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடைவழிக்குள் கால் வைத்தாள். நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவதில் தரை எங்கே, சுவர் எங்கே என்று பிடிபடாமல், கிணற்றுக் கட்டில் நிற்பவள்போல உடம்பு தள்ளாடியது. இடது கை நெஞ்சிலிருந்து தானாகக் கழன்றது. அவள் சொல்லவில்லை, அதுவே போய் மினுக்கத்தைத் தொட்டு, அதன்மேல் ஓடி, நிலைக்கு முன்னால் அகன்ற இடத்தில் ஊன்றி நின்றது. உள்ளங்கை அச்சொட்டாகப் பொருந்தியது. ஊரே பயந்த கை அவளுடைய கைதான். ஏன் என்பதுதான் தெரியவில்லை.

குசினி யன்னலடியில் நின்று, இடுப்புப் பையிலிருந்த கலர் கார்டை எடுத்து முகத்துக்கு நேரே விசிறியாக விரித்தாள். மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற பதினான்கு இதழ். நடுவிலுள்ள சாம்பலைப் பார்த்தாள். சாம்பல் தெரிந்தது, இரு பக்கமும் ஒவ்வொரு நீலம் தெரிந்தது. அவ்வளவுதான். மஞ்சளைக் காணவில்லை, பச்சையைக் காணவில்லை, சிவப்பைக் காணவில்லை. கண்ணைத் திருப்பினால் மஞ்சள் வந்தது, அப்போது சாம்பல் போயிற்று. பூனை போனமாதிரி.

சனிக்கிழமை கல்முனையில் கண் டொக்டர் அவளையும் கச்சிமுகம்மதுவையும் இருத்திவைத்துச் சொன்னார். கண்ணுக்குள்ளே அழுத்தம். பல வருஷமாக ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. நோவு இல்லை, அதனால் ஆளுக்கே தெரியாது. நடுப்பார்வை நன்றாக இருக்கும், நிறம்கூட நன்றாகத் தெரியும். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் பிடித்து வைக்கலாம்.

"பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று டொக்டர் கேட்டார். "இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. தொடக்கத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கூட்டிக்கொண்டு வாருங்கள்."

"ஒரு மகள் இரிக்கா" என்றாள் முனவ்வறா. வெளியே வந்ததும் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதப்பத்தி வீட்டில மூச்சு விடாதீங்க. கலியாணம் முடியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அஸீஸா இரண்டு பெண்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு போகம் நெல்லைத் தனியாக நின்று அறுவித்து வீடு சேர்க்கிற மனிசி. குரலும் அதற்கேற்ற குரல். பென்றி அலுமாரியைத் திறந்து பார்த்தார், குசினிச் சுவரில் நகத்தால் தட்டிப் பார்த்தார், நல்லா இரிக்கி என்றார். பிறகு நடைவழிக்கு வந்தார். கூட வந்த பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு பின்னால் ஒதுங்கினார்கள்.

"இதுதானா?" என்றார் அஸீஸா.

கச்சிமுகம்மது முன்னால் வந்தார். "அது என்ட பிழதான். பெயின்ட்டப் பிழையாக் கலந்திட்டன்." முப்பது வருஷத்தில் தன் தொழிலைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய். முனவ்வறாவுக்கு அழுகை வந்தது. தன் பேரைக் கெடுத்துக்கொண்டு இந்த மனிசன் அவள் பேரைக் காப்பாற்றுகிறார். 'கலர் முனவ்வறாவுக்குக் கண் பழுதாம்' என்று நாளைக்குக் கல்முனை முழுக்கக் கதைத்தால் எந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவார்கள்?

"அவர் பொய் சொல்றார். அது என்ட கை" என்றாள்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. முனவ்வறா ஹோல் வாசலுக்குப் போய் நின்றாள். எல்லாரும் பார்க்க நடந்தாள். இடது கை எழும்பி அந்த மினுக்கத்தின் மேல் உட்கார்ந்து, ஒரு மயிரிழை மேலே கீழே போகாமல் அவளை இழுத்துக்கொண்டு போவதுபோலப் போயிற்று. நிலைக்கு முன்னால் ஊன்றி நின்றது. ஒரு பெண் 'ஸுபஹானல்லாஹ்' என்று முணுமுணுத்தாள். நிப்லா சுவரோரம் நின்று அழத் தொடங்கினாள். முனவ்வறா திரும்பி நின்று கண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள்.

அஸீஸா கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். "இது புள்ளைகளுக்கும் வாற வருத்தமா?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பியது. மட் சுவர் எதிரே நின்றது. "வரலாமாம்" என்றாள் முனவ்வறா.

அஸீஸா நிப்லாவைப் பார்த்தார். பிறகு ஆட்டோச் சத்தத்தையும் மீறுகிற அந்தக் குரலில், "ஜின்னெண்டு சொல்லித்தான் என்னக் கூட்டி வந்தாங்க. ஜின்னெண்டா இப்பவே திரும்பிப் போயிருப்பன். கண் வருத்தத்துக்கு ஆராச்சும் கலியாணத்த விடுவாங்களா? எனக்கும்தான் சீனி வருத்தம், எனக்கு ஆரும் புள்ள தராம விட்டாங்களா?" என்றார். "புள்ளைட கண்ணக் காட்டுவம். கலியாணம் முடிய நானே கூட்டிப் போறன். முந்திக் காட்டி, வருத்தம் ஒண்டு கிடக்கப்போய், எங்கட ஆக்கள் ஆளுக்கொரு கதை சொல்லிருவாங்க."

அதுதான் எல்லாருக்கும் நல்லதாகப் பட்டது. முனவ்வறாவுக்கும்தான்.

கூட வந்த பெண்கள் வாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த கிழமையே கடைக்கு வந்தவர்கள், அவள் நிறம் சொன்ன பிறகு பக்கத்தில் நின்ற கடைப் பையனிடம் இன்னொரு தரம் கேட்டார்கள். அவள் ஏசவில்லை. ஏசாத முனவ்வறாவைப் பார்க்கத்தான் எல்லாருக்கும் பயமாக இருந்தது. வீட்டில் நிப்லா சொல்லி, கச்சிமுகம்மது இடது சுவரில் இடுப்பளவுக்கு ஒரு சாண் அகலத்தில் எனாமல் பட்டி ஒன்று பூசினார், பாலாடை நிறம். "உம்மா வந்து போகக்குள்ள கை வழுக்கிக்கிட்டுப் போகட்டும். துடைச்சாலும் போகும்" என்றாள் நிப்லா. முனவ்வறா அதில் கை வைத்து நடந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

கலியாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கச்சிமுகம்மது அக்கரைப்பற்றில் ஒரு வேலைக்குப் போய்த் தங்கியிருந்தார். நிப்லா நாள் முழுக்கப் பீங்கானும் துணியும் பாயும் தலையணையுமாகப் பின்வீட்டிலிருந்து முன்வீட்டுக்குச் சாமான் தூக்கினாள். அஸருக்குப் பிறகு முனவ்வறா வழமைபோலப் போனாள். எனாமல் பட்டியைப் பிடித்து உள்ளே நடந்தவள், குசினி வாசலில் திரும்பி நின்றாள். ஹோல் வழியாக வந்த வெளிச்சம் இப்போது மற்றச் சுவரில் சாய்ந்திருந்தது. யாரும் திரும்பப் பூசாத, யாரும் தொடாத சுவர்.

அதில் ஒரு மினுக்கம் ஓடியது.

இன்னும் இளசு. ஒரு விரல் அகலம் இருக்கும். முனவ்வறா கிட்டே போய்க் கை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அவளுடைய கைக்கு நாலு விரல் மேலே இருந்தது. அவளைவிட நாலு விரல் உயரமான ஆள் இந்த வளவில் ஒருவர்தான்.

"நிப்லா" என்று கூப்பிட்டாள். இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

வாசலில் நிப்லா தெரிந்தாள். நேரெதிரே, முனவ்வறாவின் பார்வை மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள், தெளிவாகத் தெரிந்தாள். இடது கக்கத்தில் தலையணை. சிரித்துக்கொண்டு நடைவழிக்குள் வந்தாள். அவளது வலது கை எழும்பி, அவள் அறியாமலே, சுவரில் போய் உட்கார்ந்தது.

"என்ன உம்மா, அப்பிடிப் பார்க்கிறீங்க?"

முனவ்வறா அவளைக் குசினி யன்னலடிக்குக் கொண்டுபோனாள். கலர் கார்டை விரித்து மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நடுவில சாம்பலப் பாரு. கண்ண அசைக்காத. இந்தக் கரையில கடைசியா என்ன கலர் தெரியுது?"

"சிவப்பு."

"அல்ஹம்துலில்லாஹ். மத்தக் கரையில?"

"பச்சை."

"அதுக்கு அங்கால?"

"அங்கால ஒண்டுமில்லையே."

"மஞ்சள்?"

நிப்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதில எங்க உம்மா மஞ்சள் இரிக்கி?"

முனவ்வறா கார்டை மடித்தாள். ஒரு கரையில்தான், இரண்டு இதழ்தான் போயிருக்கிறது. மற்றதெல்லாம் இருக்கிறது. தொடக்கத்திலேயே பிடித்தால் என்று டொக்டர் சொன்ன சொல் காதுக்குள் நின்றது. திறப்பை எடுத்தாள்.

"தலையணைய வை. கல்முனைக்குப் போறம், இப்பவே."

"கலியாணம் முடியட்டும் எண்டுதானே மாமி சொன்ன?"

"மாமிக்கு நான் சொல்லிக்கிறன். கலியாணம் பிந்தினா பிந்தட்டும், நிண்டா நிக்கட்டும்."

நிப்லாவின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல இல்லாமல் போயிற்று. நடைவழிக்குத் திரும்பியதும் அவளுடைய கை மறுபடி சுவரைத் தேடியது. முனவ்வறா அதைச் சுவரில் படவிடாமல் எடுத்துத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். இருவரும் வெளியே வந்து, கதவைப் பூட்டி, ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு நடந்தார்கள்.